கேள்வி கேட்டவரைப் பின்மாற்றக்காரர் ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் வாலிபர்கள் குறைந்துவருவதைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். கைப்பேசி, ஐ.டி. வேலை, நகரத்துச் சகவாசம் என்று காரணங்களை அடுக்கி, கடைசியில் "பின்மாற்றம்" (விசுவாசத்தைவிட்டு விலகிப்போவது) என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் முடித்துவிட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது, காரணம்தான் ஒட்டவில்லை. லிங்கராஜபுரம், அல்சூர், விவேக்நகர் பக்கம் சோர்ந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்தவரை, நழுவிப் போகிறவர்களில் பலர் முதலில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டவர்கள். கிடைத்த பதில்தான் அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

அந்தப் பதில் எல்லா இடத்திலும் ஒன்றே: "விசுவாசம் போதாது தம்பி, உபவாசம் இருந்து ஜெபி." கூடவே யாக்கோபு 1:6 வரும். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பானவன் என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன், "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய" தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறது ஐந்தாம் வசனம். கடவுளே கடிந்துகொள்வதில்லை என்று சொல்லும் இடத்திலிருந்து கடிந்துகொள்ள ஒரு வசனத்தை உருவி எடுப்பது நம் சபைகளுக்கே உரிய சாமர்த்தியம்.

ஒருவர் வந்து "கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை" என்கிறார். டைபாய்டு, டெங்கு, சளிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் உடம்பு சுடும். சூட்டை மட்டும் பார்த்து யாரும் மருந்து எழுதுவதில்லை. இந்த வாக்கியமும் அப்படித்தான். ராத்திரி ஷிப்டில் ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டவரும் அதையே சொல்வார், இணையத்தில் எதையோ வாசித்துக் குழம்பியவரும் சொல்வார், ஜெபித்தும் தாயைப் பறிகொடுத்தவரும் சொல்வார், சபைக்காரர்களால் அடிபட்டவரும் சொல்வார், மனநோயின் ஆரம்பத்தில் இருப்பவரும் சொல்வார். ஆகவே முதல் அரை மணி நேரம் வசனம் வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும். இது எத்தனை நாளாக? தூக்கமும் சாப்பாடும் எப்படி? இது தொடங்குவதற்குச் சற்று முன்னால் வாழ்க்கையில் என்ன நடந்தது? இதை வேறு யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி விஷயம் வெளியே வரும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நாலாம் அதிகாரத்தில் பேச ஆரம்பித்தார்கள். 42:7-இல் கர்த்தரே அவர்கள் பேசியது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார்.

உடம்பிலிருந்து தொடங்குவதற்கு 1 இராஜாக்கள் 19-ஐவிட நல்ல பாடம் கிடையாது. கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறான். பெயெர்செபாவில் வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறான். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டுகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான். அதற்கும் கண்டனம் இல்லை. இரண்டாந்தரம் எழுப்பி மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. எலியா தன் புலம்பலைச் சொல்கிறான். அமர்ந்த மெல்லிய சத்தத்துக்குப் பிறகு அதே கேள்வி மறுபடி. அவனும் அதே புலம்பலை அப்படியே ஒப்பிக்கிறான். இவ்வளவு பார்த்தும் மாறவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரை அபிஷேகம் பண்ணும் வேலை கொடுக்கப்படுகிறது. அவர்களில் ஒருவனான எலிசா, கூடவே இருக்கும் துணையாகவும் ஆகிறான். தனியாக நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்று சொன்னவனுக்கு, உன்னைப்போல் ஏழாயிரம் பேர் உண்டு என்ற கணக்கு கடைசியில்தான் சொல்லப்படுகிறது.

இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். கோலார் தங்கவயலின் (கே.ஜி.எஃப்.) மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூரு வந்து, இரவு கே.ஜி.எஃப். திரும்புகிறவருக்கு முழு இரவு ஜெபத்தைச் சிபாரிசு செய்கிறோம். தூக்கத்துக்கு ஏங்கும் உடம்பிலிருந்து இன்னும் ஒரு தூக்கத்தைப் பிடுங்குகிறோம். முதலில் ஒரு வாரம் நேரத்துக்குத் தூக்கம், மூன்று வேளைச் சாப்பாடு, ஒருநாள் விட்டு ஒருநாளாவது கூட நடந்துபோக ஒரு ஆள். அதற்கு அப்புறம் பேசினால் கேள்வி வேறு மாதிரி ஒலிக்கும். சில சமயம் கேள்வியே இருக்காது.

தூங்கியும் சாப்பிட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், சாவைப் பற்றிய பேச்சு வந்தால், அது சபை மட்டும் பார்க்கிற விஷயம் இல்லை. மருத்துவர் மனச்சோர்வைக் கணிக்கும்போது பார்க்கும் கால அளவும் அந்த இரண்டு வாரம்தான். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே முகத்தைக் காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாவு எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உண்டு என்றால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது.

உபவாசம் பற்றி ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். கைநடுக்கம், வாந்தி, குழப்பம் என்று போய் ஆபத்தில் முடியலாம். சர்க்கரை மாத்திரைக்காரர்களுக்கும் ஆபத்து உண்டு. அடுத்தது, "விசுவாசத்தில் மாத்திரையை விட்டுவிடு" என்ற ஆலோசனை. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். இதைப் பார்த்துப் பிசாசின் போராட்டம் என்று மறுபடி உபவாசம் போட்டால் நிலைமை என்ன ஆகும்? இந்த மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னதும் உபவாசம் அல்ல, கொஞ்சம் திராட்சரசம்தான் (1 தீமோத்தேயு 5:23).

இனி ஜெபத்துக்குப் பதில் வராத சோர்வு. இதில் சபையின் பங்கு அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தாம்பாளத்தில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த (கடவுள் தரும் வாக்கு) அட்டைகள் வரும். விசிட்டிங் கார்டு அளவு, ஒரு பக்கம் பூப்படமும் வசனமும், மறுபக்கம் சபையின் பெயர் அல்லது வெறும் வெள்ளை. எடுத்தவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டுவார், வாட்ஸ்அப்பில் வைப்பார்: "இந்த வருஷம் கர்த்தர் எனக்குக் கொடுத்தது." அதிகம் பேர் ஆசைப்படும் அட்டை எரேமியா 29:11, சமாதானத்துக்கேற்ற நினைவுகள். ஆகஸ்டு மாதம் விசா மறுக்கப்படுகிறது, அல்லது மூன்றாம் முறையும் கரு தங்கவில்லை. இப்போது அவர் நம்பிக்கை இழப்பது கடவுள்மேலா, அட்டைமேலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அந்த அதிகாரத்தையாவது முழுவதும் வாசித்திருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுக் கனி சாப்பிடுங்கள் என்கிறது 5-ஆம் வசனம். சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள் என்று அர்த்தம். 8-ஆம் வசனம் உங்களை மோசம்போக்கும் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது. 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதற்கு அப்புறம்தான் அட்டையில் அச்சாகும் 11. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கூட்டத்துக்கு நடுவே அறிவித்தான். அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது வேதம். டிசம்பர் இரவு நாம் நிற்பது எரேமியா பக்கமா அனனியா பக்கமா என்று போதகர்கள் யோசிக்கலாம்.

அட்டையை ஒழிக்கச் சொல்லவில்லை. காலியான மறுபக்கத்தில் இரண்டு வரி அச்சடியுங்கள்: இது யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது, முழு அதிகாரத்தையும் வாசிக்கவும். அச்சுக்கூலி பெரிதாக ஏறாது. சாட்சி நேரத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். வேலை கிடைத்தவரும் கட்டி கரைந்தவருமே மைக் பிடித்தால், கிடைக்காதவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவுகட்டிவிடுவார். இன்னும் காத்திருக்கிற ஒருவரும், அவருக்குச் சம்மதமானால், மூன்று நிமிடம் பேசட்டும். கடைசியில் ஸ்தோத்திரம் சொல்லித்தான் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஜெபக்கூட்டத்து விண்ணப்ப நோட்டில் நாள், விண்ணப்பம், நடந்தது என்று மூன்று பத்தி போட்டு, "நடக்கவில்லை" என்றும் எழுதுங்கள். இப்போது நடக்காத விண்ணப்பங்கள் சில வாரத்தில் சத்தமில்லாமல் நோட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. சம்பந்தப்பட்டவர் அதைக் கவனிக்காமல் இருப்பாரா?

வேதாகமமே இப்படி மறைப்பதில்லை. அப்போஸ்தலர் 12-இல் ஒரே ஏரோதின் கையில் யாக்கோபு பட்டயத்தால் சாகிறார், பேதுரு தூதனால் விடுதலையாகிறார். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்த வீட்டாரிடம் ரோதை என்ற பெண் ஓடிவந்து, அவர் வாசலில் நிற்கிறார் என்றபோது "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். பதில் வாசலைத் தட்டும்போது ஜெபக்கூட்டத்தின் விசுவாசம் அவ்வளவுதான் இருந்தது. துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தன் உடம்பில் முள் என்று அவரே சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை. இவற்றை மூடிவைத்துவிட்டுப் பேதுருவின் சங்கிலியை மட்டும் பிரசங்கிப்பதுதான் கோளாறு.

அறிவுபூர்வமான சந்தேகத்துக்குச் சிகிச்சை வேறு. கேள்வியை ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்போது பத்து கேள்வி இரண்டாகச் சுருங்கும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். அன்றே பதில் சொல்லத் துடிக்காதீர்கள். "எனக்கு இப்போது தெரியாது, இரண்டு வாரம் கொடு, இருவரும் வாசிப்போம்" என்று சொல்ல ஒரு மூப்பருக்குக் கூச்சம் வேண்டியதில்லை. 1910 முதல் ஐக்கிய இறையியல் கல்லூரி இயங்கும் ஊர் இது. படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்கப் போகிறவர்கள்தான் குறைவு.

ஒரு உதாரணம். மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள பகுதி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. யோவான் 8-இல் வரும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் பகுதியும் அவற்றில் இல்லை. இறையியல் கல்லூரியில் முதல் வருடமே சொல்லித்தரும் சங்கதி இது. நம் பிள்ளைக்கு இது பத்தொன்பது வயதில், மாரத்தஹள்ளி பி.ஜி.யில், நள்ளிரவில், யாரோ ஒரு யூடியூப்காரரிடமிருந்து கிடைக்கிறது. செய்தியைவிட அவனை அதிகம் உலுக்குவது, இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான். திடப்படுத்தல் (பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும்) வகுப்பில் நாமே ஒரு மணி நேரம் ஒதுக்கி, கையெழுத்துப் பிரதிகள் என்றால் என்ன, வேறுபாடுகள் எப்படி வந்தன, ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒப்பிட்டு எப்படி மூலத்தைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தால் அந்த யூடியூப்காரருக்கு வேலை குறையும். யூதாசின் சாவு மத்தேயு 27-இல் ஒருவிதமும் அப்போஸ்தலர் 1-இல் இன்னொருவிதமும் இருப்பதையும் அதே வகுப்பில் எடுத்துவிடலாம்.

இன்னொரு வகை உண்டு. பார்க்கப் பக்திபோல் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். "நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ" என்று ஒரு பிள்ளை வாராவாரம் வந்து கேட்கும். ஜெப நேரத்தில் தூஷணமான வார்த்தைகள் மனதில் வந்து துன்புறுத்தும். நீங்கள் ஆறுதல் சொன்னால் ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடி கேள்வி. ஒவ்வொரு ஆறுதலும் அந்தச் சுழலுக்குத் தீனி. ஒரே ஒரு தடவை தெளிவாகப் பதில் சொல்லி, கவலைப்படுகிற இந்த மனமே நீ விலகிப்போகவில்லை என்பதற்கு அடையாளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இனி இதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று அன்போடு நிறுத்தவேண்டும். இது எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம், சிகிச்சை உண்டு. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் இந்தக் கொடுமையை அனுபவித்தவர். செய்த பாவசங்கீர்த்தனத்தையே (குருவிடம் பாவ அறிக்கை) திரும்பத் திரும்பச் செய்து தவித்தார்.

சபையால் அடிபட்டு வருகிறவரின் கேள்வி வெளியே கடவுளைப் பற்றியதாகத் தெரியும். உள்ளே சாதி பார்த்த கமிட்டி இருக்கும், கணக்குக் காட்டாத கட்டட நிதி இருக்கும். அவருக்கு வசனம் சொல்வது அவமானம், கணக்கைக் காட்டுங்கள். பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் 2012-ஆம் வருட போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை. போதகருக்கும் விலக்கு இல்லை.

வறண்ட காலத்தில் தினசரி ஜெபத்துக்கு எவ்வளவு? குறைவாக. சோர்ந்தவர் குற்ற உணர்வில் ஒரு வருடத்தில் முழு வேதத்தையும் முடிக்கிறேன் என்று கிளம்புவார். 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றேகால். பிப்ரவரியில் லேவியராகமத்தில் வண்டி நிற்கும், குற்ற உணர்வு இரட்டிப்பாகும். பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம், மாற்குவில் ஒரு அதிகாரம். மாற்கு பதினாறே நாளில் முடிந்துவிடும். உணர்ச்சி வரவில்லை என்றாலும் திருவிருந்துக்கு வரச் சொல்லுங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம்: முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. கடைசிப் பகுதியைச் சொல்ல மனம் வராதவர்கள் பொய்யாகச் சொல்லவேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஆராதனைப் புத்தகத்தில்தான் இருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-இல் ஒரு தகப்பன் சொன்னதை முழு ஜெபமாகவே ஏற்றுக்கொண்டு அவன் பிள்ளை குணமாக்கப்பட்டான்.

சோர்வில் இருக்கும்போது பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்பதும் இஞ்ஞாசியார் சொன்ன விதிதான். சபையை விடுவது மட்டுமல்ல, கன்வென்ஷன் அழைப்பில் அழுதுகொண்டே எழுந்து நின்று, திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்து முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்பதும் இதில் சேரும். ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்லுங்கள். அழைப்பு உண்மையானால் ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது.

ஊரில் இருக்கும் அம்மா, அப்பாக்களுக்கும் ஒன்று. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஞாயிறு மதியம் "சர்ச்சுக்குப் போனியா?" என்று போன் வரும். "போனேம்மா" என்று பதில் வரும். இருவருக்கும் அது பொய் என்று தெரிந்த நாளும் உண்டு. "இந்த வாரம் எப்படிப்பா போச்சு, ஒழுங்கா தூங்குனியா?" என்று தொடங்கிப் பாருங்கள். தூக்கத்தைப் பற்றி உண்மை சொல்கிற பிள்ளை, மெல்ல மற்றதையும் சொல்லும்.

மத்தேயு 28:17-இல், உயிர்த்த இயேசுவைக் கண்டு பணிந்துகொண்ட அதே பதினோரு சீஷர்களுக்குள் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று எழுதியிருக்கிறது. சந்தேகப்பட்டவர்கள் ஒருபக்கம் ஒதுங்குங்கள் என்ற உத்தரவு அடுத்த வசனங்களில் இல்லை. புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளை எல்லாருக்கும் சேர்த்தே வருகிறது. சென்ற வாரம் கடிதம் எழுதிய பெரியவர் தம் சபை வாலிபர் பட்டியலை எடுத்து, வராதவர்களின் வீட்டுக்குப் போய் நாம் மேலே சொன்ன நாலு கேள்வியைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதினால் வாசிக்க ஆவலாக இருக்கிறோம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், அதன் தலைமை மையமாக இருப்பது இந்த ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில் தங்கள் நாளிதழில் தமிழ் ஆராதனை நேரங்களை வெளியிடும்போது, அந்தப் பத்தியின் அடியில் இந்த எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். சபை அறிவிப்புப் பலகைகளில் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்ச் சபை மூப்பர்கள் சிலர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு